சரிந்த மலையில் முளைக்கும் வாழை

தேஸ்பூரில் காலை உணவுக்குத் தயிரும் அவலும் வைத்தார்கள். கூடவே ஒரு பீம்கோல் பழம். மொந்தனைவிடப் பருமன். தோலை உரித்தால் வெண்ணெய் நிறத்தில் குழைவான சதை. அவலோடு பிசைந்து முதல் வாய் வைத்ததுமே பல்லில் கல் தட்டியது. மிளகைவிடச் சற்றுப் பெரிய கறுப்பு விதை. அடுத்த வாயில் இன்னும் சில. பக்கத்து மேசையில் ஒரு தகப்பன் பழத்தை மசித்து, விதைகளை விரலால் ஒவ்வொன்றாக ஒதுக்கி, மடியில் இருந்த குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அஸ்ஸாமில் தாய்ப்பாலுக்கு அடுத்தபடியாகக் குழந்தைகளுக்குப் பழக்கும் உணவுகளில் பீம்கோலும் ஒன்று. அதன் தோலைக் காயவைத்து எரித்த சாம்பலில் நீர் ஊற்றி வடித்தால் கிடைக்கும் காரநீர்தான் கோலாகார். மதியச் சாப்பாட்டில் அதைச் சேர்த்த குழம்பும் வந்தது.

வாழைக்கு விதை உண்டு என்றால் நம் பக்கத்தில் நம்புகிறவர்கள் குறைவு. நாம் தின்னும் பழத்தின் நடுவில் வரிசையாகத் தெரியும் பழுப்புப் புள்ளிகள், விதையாக வேண்டிய சூல்கள் வளராமல் நின்றுபோனதன் தடம். பூவன், ரஸ்தாளி, நேந்திரன், மொந்தன், கற்பூரவல்லி எல்லாமே இரண்டு காட்டு வாழைகளின் கலப்பில் வந்தவை. ஒன்று மூசா அக்குமினாட்டா. மற்றது மூசா பால்பிசியானா, அதாவது இந்தப் பீம்கோலின் இனம். கலப்பில் குரோமோசோம் மூன்று தொகுதியாகிவிட்டதால் விதை கட்டுவது நின்றுபோயிற்று. மனிதர்களும் விதையில்லாத மரங்களையே தேர்ந்து, பக்கக்கன்றைப் பெயர்த்து நட்டுப் பல்லாயிரம் ஆண்டுகளாக வளர்த்துவந்தார்கள். கற்பூரவல்லியில் மட்டும் அரிதாகப் பல்லில் ஒரு கல் தட்டும். மகரந்த வீரியமுள்ள வாழை ஏதாவது பக்கத்தில் இருந்திருக்கிறது என்று பொருள்.

நான் தேஸ்பூருக்கு வந்தது தின்பதற்கான வாழையைத் தேடி அல்ல. திருச்சியில் என் மொட்டைமாடியில் அலங்கார வாழைகள் வளர்க்கிறேன். இளஞ்சிவப்பு மடல் விரிப்பவை, ஆரஞ்சு மடல் விரிப்பவை, இலையின் அடிப்புறம் கருஞ்சிவப்பாக இருப்பவை. உயரம் நம் இடுப்பு அல்லது தோள் அளவுதான். பெரும்பாலும் கன்றாகக் கிடைப்பதில்லை. தொலைவிலிருந்து வரும் கன்றோடு நோயும் வரலாம். அதனால் விதைதான் வழி. விதை உள்ளங்கையில் அடங்கும், அஞ்சலில் போகும். ஆனால் வாழை விதையைப்போல வளர்ப்பவரின் பொறுமையைச் சோதிக்கும் விதை அதிகம் இல்லை. ஒரே பழத்தின் விதைகளை ஒரே தட்டில் ஒரே நாளில் ஊன்றினாலும் ஒன்று மூன்றாம் வாரத்தில் குருத்துவிடும், இன்னொன்று ஆறு மாதம் கழித்து வரும், வேறொன்று ஒரு வருடம் கடந்தும் மண்ணுக்குள் கெடாமல் கிடக்கும். அந்த விதை எதற்காகக் காத்திருக்கிறது என்பதை அது விழுகிற இடத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் இந்தப் பயணம்.

தேஸ்பூரிலிருந்து பாலிபாரா வழியாக பாலுக்போங் சுமார் 60 கிலோமீட்டர். இருபுறமும் தேயிலைத் தோட்டங்கள். அவற்றுக்கு நிழல் தரும் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. காரோட்டிய இளைஞருக்கு பாலிபாராதான் ஊர். என்னைப் ‘பாய்தேவ்’ என்று அழைத்தார், அக்கா என்பதற்கு அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். காட்டு வாழையைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்தேன் என்றதும் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். “யானையும் அதைத் தேடித்தான் வரும் பாய்தேவ். எங்கள் தோட்டத்துப் பீம்கோலை அது விட்டுவைத்ததே இல்லை” என்றார்.

பாலுக்போங்கில் அருணாச்சலப் பிரதேசம் தொடங்குகிறது. வெளி மாநிலத்தவர் உள்ளே போக உள்எல்லை அனுமதிச் சீட்டு வேண்டும். பிரிட்டிஷார் 1873இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைச் சட்டத்தின் தொடர்ச்சி அது. சீட்டில் முத்திரை விழுந்ததும் சாலை காமெங் ஆற்றை ஒட்டி மேலேறத் தொடங்கியது. இதே ஆறு அஸ்ஸாமுக்குள் இறங்கியதும் ஜியா பரளி ஆகிவிடும். எதிர்க்கரையில் பாக்கே புலிகள் காப்பகம். டிப்பியைத் தாண்டி சேஸா நோக்கிப் போகப்போகக் காடு நெருங்கி வந்தது. மூடுபனி எந்த நேரமும் இறங்கலாம் என்கிற சாலை. வாழைகள் அங்கேதான் தென்படத் தொடங்கின. முதலில் ஒன்றிரண்டு. பிறகு சாலையோரம் முழுக்க.

இறங்கிப் பார்க்கப்பார்க்கத்தான் அவற்றின் வேறுபாடு பிடிபட்டது. பெரிய வாழைகளில் குலை நம் வாழையைப்போலவே தலைகீழாகத் தொங்கும். மடல் அடர்ஊதா. அந்திக்குப் பிறகு மடல் உயரும், தேன் சுரக்கும், வௌவால்கள் வரும். சின்ன வாழைகளில் பூத்தண்டு நேராக மேல்நோக்கி நிற்கும். மடலின் நிறம் பகல் வெளிச்சத்தில் தொலைவிலிருந்தே கண்ணில் படும். அவற்றுக்கு வருவது தேன்சிட்டு. இரவு வருகிற விருந்தாளிக்கு நிறம் எதற்கு? மணமும் நிறையத் தேனும் போதும். பகலில் வருகிற பறவைக்குத்தான் நிறம் வேண்டும். நாம் அலங்காரத்துக்கு என்று கொண்டாடும் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் பறவையின் கண்ணுக்காக உண்டானவை என்று அங்கே நின்றபோது நன்றாக விளங்கியது.

ஒரு தொங்கும் பூவில் சிலந்திபிடிப்பான் ஒன்று வந்து அமர்ந்தது. தேன்சிட்டின் உறவுப் பறவை, ஆனால் உடல் பெரிது. இளம்பச்சை உடம்பில் கறுப்புக் கோடுகள், வளைந்த நீண்ட அலகு. மடலின் நுனியைக் காலால் பற்றித் தலைகீழாகத் தொங்கி, பூவுக்குள் அலகைச் செருகி, வெளியே எடுத்து, அடுத்த பூவுக்கு நகர்ந்தது. அலகின் அடியில் வெண்மையாக மகரந்தம் ஒட்டியிருந்தது. இரவில் வௌவால் குடித்து மிச்சம் வைத்ததைப் பகலில் இது குடிக்கிறது. ஒரு மடலின் பூக்களை முடித்துவிட்டு, சரிவில் கீழே இருந்த இன்னொரு மரத்துக்குப் பறந்தது. அந்தக் கீழ்மரத்தின் பிஞ்சுகளில் இனி விதை திரளும்.

சற்றுத் தள்ளி இன்னொரு வகை. அதன் கன்றுகள் தாயைச் சுற்றி நெருக்கமாக நிற்கவில்லை. மண்ணுக்கடியில் கிழங்கு நீண்டு ஓடி, சில மீட்டர் தள்ளி ஒவ்வொன்றாக எட்டிப்பார்த்தன. மூசா இட்டினெரன்ஸ். வடகிழக்கு இந்தியாவிலிருந்து தென்சீனம்வரை பரவியுள்ள இனம். இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டம் நடத்தும் மில்லேனியம் விதை வங்கி, உலகக் காட்டுச் செடியினங்களில் பத்தில் ஒரு பங்கின் விதைகளைச் சேர்த்துவிடுவது என்று இலக்கு வைத்திருந்தது. 2009இல் அந்த இலக்கை எட்டியபோது வங்கிக்குள் போன விதை, சீனாவிலிருந்து வந்த இந்த வாழையினுடையது. உணவுத் தானியங்களின் விதைக்குத்தான் அப்படியொரு மரியாதை கிடைக்கும் என்று எண்ணியிருந்த எனக்கு, யானை தின்னும் ஒரு காட்டு வாழைக்கு அது கிடைத்ததில் இன்றும் மகிழ்ச்சி.

சேஸாவுக்கு முன்பு வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. இரவு மழையில் மண் சரிந்து சாலையில் விழுந்திருந்தது. ஜேசிபி அள்ளிக்கொண்டிருந்தது. இந்தச் சாலையில் இது வழக்கம். யாரும் பதறவில்லை. சிலர் கீழே இறங்கித் தேநீர் குடித்தார்கள். நான் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பயணத்தில் நான் தேடிவந்த பதில் அங்கே, எதிரே, மலையிலேயே கிடைத்தது.

அந்த மலைமுகத்தில் ஒரே ஒரு சரிவு இல்லை. வெவ்வேறு ஆண்டுகளில் விழுந்த சரிவுகள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. நேற்று விழுந்த இடம் பச்சை மஞ்சள் நிறத்தில் வெறும் மண். அதற்கு இடப்புறம், போன மழைக்காலத்தில் விழுந்திருக்க வேண்டும், பன்னச்செடிகளுக்கு (பெரணி என்றும் சொல்வோம்) நடுவே முழங்கால் உயர வாழைக் கன்றுகள் ஏராளமாக முளைத்திருந்தன. கிட்டத்தில் எங்கும் தாய் மரம் இல்லை. ஆகவே அவை பக்கக்கன்றுகள் அல்ல, விதையில் வந்தவை. இன்னும் தள்ளி ஒரு பழைய சரிவில் ஆளுயரத்தைத் தாண்டிய வாழைகள், பூவும் காயுமாக. அதற்கும் அப்பால் மிகப் பழைய சரிவில் மரங்கள் வளர்ந்து மேலே கிளை கூடிவிட்டன. அங்கே வாழை இல்லை. சருகும் இற்றுப்போன தண்டும் மட்டும். அவற்றின் விதைகள் மட்டும் அந்த மண்ணில் கிடக்கும், அடுத்த முறை மலை திறக்கிறவரை.

காட்டு வாழை அடர்காட்டின் செடி அல்ல. மரம் விழுந்த இடைவெளி, ஆறு அரித்த கரை, வெட்டி எரித்துப் பயிரிட்டுக் கைவிட்ட நிலம், சாலைக்காக அறுத்த மலை, இவைதான் அதன் இடம். வெயில் தரையைத் தொட்டதும் முதலில் வந்து மண்ணைப் பிடிக்கிறது. மரங்கள் தலைதூக்கியதும் விலகிக்கொள்கிறது. அப்படியானால் விதைக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும், மேலே காடு மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று. மண்ணுக்குள் புதைந்த விதைக்கு அதை யார் சொல்வது?

சரிவின் ஓரத்தில் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். மதிய வெயிலில் சுட்டது. சில அடி தள்ளி மரநிழலில் சருகை விலக்கித் தொட்டேன், சில்லென்று இருந்தது. அந்தி சாய்ந்து திரும்பும் வழியில் அதே இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி மறுபடி தொட்டேன். நிழல் மண் மதியம் இருந்தபடியே இருந்தது. திறந்த சரிவின் மண் அதற்குள் சூடிழந்து குளிர்ந்துகொண்டிருந்தது. காரோட்டியும் என் பக்கத்தில் குந்தி இரண்டையும் தொட்டுப் பார்த்தார். காட்டுக் கூரைக்குக் கீழே பகலுக்கும் இரவுக்கும் மண்ணின் வெப்பம் அதிகம் மாறுவதில்லை. கூரை போனதும் பகலில் ஏறுகிறது, இரவில் இறங்குகிறது. விதை உணர்ந்துகொள்வது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான்.

இதை ஆய்வுக்கூடத்தில் காட்டியவர்கள் உண்டு. ஸ்டாட்ஸ்கி, காக்ஸ் என்ற இருவர் 1962இல் மூசா பால்பிசியானா விதைகளை வைத்துச் சோதித்தார்கள். மாறாத வெப்பத்தில் வைத்தவை முளைக்க மறுத்தன, வெப்பத்தை மாற்றி மாற்றி வைத்தவை முளைத்தன. குளிர்நாடுகளில் அலங்கார வாழை வளர்ப்பவர்கள் இன்று விதைத்தட்டுக்கு அடியில் மின்சூட்டு விரிப்பை வைத்து, பகலில் இயங்கி இரவில் அணையும்படி நேரங்காட்டியைப் பொருத்துகிறார்கள். அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன். ஆனால் கையில் மண் சுட்டபிறகுதான் அது எனக்குச் சொந்த அறிவாயிற்று.

மறுநாள் விதைக்கான வேலை. காப்பகத்துக்குள் ஒரு விதையைக்கூட எடுக்கக் கூடாது, சட்டமும் இடம் தராது. சாலையோரத்துக் காட்டிலும் தாய்ச்செடியைப் பிடுங்குவது எனக்கு உடன்பாடில்லை. காட்டுச் செடியைத் தோண்டி விற்பவர்கள் ஒரே ஒரு மரத்தை மட்டும் எடுப்பதில்லை, அதில் இனி விளையக்கூடிய அத்தனை விதைகளையும் சேர்த்தே எடுக்கிறார்கள். வீட்டுத் தோட்டத்தில் வளரும் செடியின் பழம் கிடைத்தால் போதும். பாலுக்போங்கில் அஸ்ஸாம் பக்கத்தில் ஒரு வீட்டு வேலியோரம் வெலுட்டினா என்ற சின்ன வாழை வரிசையாக நிற்பதைக் காரோட்டி எப்போதோ பார்த்து நினைவில் வைத்திருந்தார். அங்கே அழைத்துப்போனார்.

வீட்டுக்காரப் பெண்மணிக்கு எழுபது வயதுக்குமேல் இருக்கும். ‘ஆய்தா’ என்று கூப்பிட்டார் காரோட்டி, பாட்டி என்று. என் அம்மாவின் வயதுதான், எனவே நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். வேலியை ஒட்டி நின்றது மூசா வெலுட்டினா. ஆளுயரம்கூட இல்லை. மெலிந்த தண்டு. இலையின் நடுநரம்பு கீழ்ப்புறம் செம்மை. உச்சியில் பூத்தண்டு நேராக நிற்க, அதன் அடியில் சீப்புச் சீப்பாக விரல் நீளக் காய்கள், ரோஜா இதழின் நிறத்தில். தொட்டால் மெத்தென்று மென்மயிர். மேலே இளஞ்சிவப்பு மடல் ஒன்று சுருண்டு, உள்ளே மஞ்சள் பூக்கள் ஒரு வரிசை.

இந்த வாழையின் விசேஷம், பழுத்தால் தானே உரிந்துகொள்ளும். நுனியிலிருந்து தோல் நான்கைந்து கீற்றாகப் பிளந்து, பின்னோக்கி மடிந்து, வெள்ளைச் சதையை வெளியே நீட்டும். பறவைக்கு இதைவிடத் தெளிவான அழைப்பு இருக்க முடியாது. ஆய்தா சொன்னதைக் காரோட்டி எனக்கு மாற்றிச் சொன்னார். பழம் பிளந்த அன்று காலையில் கொண்டைக்குருவி வந்துவிடும், அதற்குமுன் பேரப்பிள்ளைகள் வந்தால் அவர்களுக்கு. இல்லாவிட்டால் குருவிக்கு. செடியை அவர் விட்டுவைத்திருப்பது பழத்துக்கு அல்ல, வாசலுக்கு அழகு என்று. முதல் கன்று எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். யாரும் வைக்கவில்லையாம். வீடு கட்ட மேட்டை வெட்டியபோது வெட்டின மண்ணில் தானே வந்ததாம்.

பிளந்த பழங்கள் இருந்த ஒரு சீப்பை அரிவாளால் அறுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஒரு பழத்தை அங்கேயே தின்றேன். லேசான புளிப்போடு நல்ல இனிப்பு. வாய் நிறைய விதை.

இந்தச் செடிக்குப் பெயர் வைத்தது ஜெர்மனியில். ஹானோவர் நகரின் ஹெரன்ஹவுசன் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஹெர்மன் வெண்ட்லாண்டும் ட்ரூட் என்ற தாவரவியலாளரும் 1875இல் மூசா வெலுட்டினா என்று விவரித்தார்கள். ஆரஞ்சு மடல் கொண்ட மூசா ஆரண்டியாகா 1893இல் பேக்கர் என்ற தாவரவியலாளரால் விவரிக்கப்பட்டது. விவரித்தவர் அவர் என்றாலும், அஸ்ஸாமில் வனத்துறையில் இருந்த குஸ்தாவ் மான் பெயரும் அதில் சேர்ந்திருக்கிறது. வாழை இனங்களைக் கன்றும் விதையுமாக வளர்த்துப் பார்த்து இன்றைய வகைப்பாட்டுக்கு அடித்தளம் போட்ட சீஸ்மனின் கட்டுரைகள் 1947 முதல் வந்தன. 1950களில் சிம்மண்ட்ஸ் அஸ்ஸாம் வரை வந்து சேகரித்தார். அவ்வளவு பேர் வந்துபோன பிறகும் இந்த மலைகளின் கணக்கு முடியவில்லை. கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் சாபு, ஆல்ஃப்ரெட் ஜோ, ஸ்ரீஜித் ஆகியோர் நாடு முழுக்க வாழைகளைத் தேடி அலைந்தவர்கள். 2013இல் அருணாச்சலத்திலிருந்தே மூசா அருணாச்சலென்சிஸ் என்ற புதிய இனத்தை விவரித்தார்கள். அதே ஆண்டில் வெலுட்டினாவின் நெருங்கிய உறவொன்றுக்கு, பின்லாந்தின் வாழை ஆய்வாளர் மார்க்கு ஹாக்கினென் பெயரை வைத்தார்கள். தென்கோடியிலிருந்து வடகிழக்கு முனைவரை வந்து, சாலையோரத்தில் எல்லாரும் கடந்துபோன வாழையின் முன்னால் நின்று, இது வேறு என்று சொல்வதற்கு எத்தனை வாழைகளைப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும்!

விடுதியில் அன்று மாலை பழங்களைப் பிசைந்து விதை எடுத்தேன். சதை துளியும் ஒட்டியிருக்கக் கூடாது. இனிப்பு மிச்சமிருந்தால் பூஞ்சை பிடித்து விதை அழுகும். ஆற்றுமணலோடு சேர்த்துத் தேய்த்து, நீரில் அலசி, மறுபடி தேய்த்தால் கறுப்பு மினுக்கம் வரும். ஒழுங்கற்ற கோணங்களோடு, ஒருபுறம் தட்டையாக, ஒரு முனையில் சிறு குழியோடு இருக்கும். ஒரு விதையைக் கத்தியால் இரண்டாகப் பிளந்து பார்த்தேன். ஓடு கெட்டி, கத்தி வழுக்கிக்கொண்டே இருந்தது. உள்ளே மாவு வெள்ளை. குழி இருக்கும் முனையில் ஓட்டிலேயே அமைந்த ஒரு சின்ன அடைப்பு, கலயத்துக்கு மூடி போட்டதுபோல. அடைப்பை ஒட்டி, குண்டூசித் தலைக்கும் சிறியதாக, காளான் வடிவத்தில் கரு. முளைக்கும்போது இந்தக் கரு அடைப்பை நெட்டித் தள்ளிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.

உப்புத்தாளில் தேய்த்தும் கத்தியால் கீறியும் ஓட்டை மெலிதாக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கீறல் சற்று ஆழமாகிவிட்டால் நீர் தேங்கி உள்மாவு புளித்துப்போகும். வாழை மாதக்கணக்கில் மண்ணில் கிடக்கவேண்டிய விதை. அதன் கெட்டித்தன்மைதான் அதற்குப் பாதுகாப்பு. அதைக் காப்பாற்றிவிட்டு, பகலிரவு வித்தியாசத்தை மட்டும் கொடுத்தால் போதும்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நேராகப் பூக்கும் இந்தச் சின்ன வாழைகள் தங்களுக்குள் எளிதில் கலக்கும். வெலுட்டினா தன் மகரந்தத்தாலேயே நன்றாக விதை கட்டும். ஆனால் பக்கத்தில் மூசா ஆர்னாட்டாவோ வேறு எதுவோ பூத்திருந்தால் தேன்சிட்டு இரண்டுக்கும் போய்வரும். அப்படிக் கிடைக்கும் விதை என்ன பூக்கும் என்பது பூக்கும்வரை தெரியாது. அலங்கார வாழை விதை வியாபாரத்தில் பொட்டலத்தின் மேல் இருக்கும் பெயருக்கும் பூக்கும் செடிக்கும் பொருந்தாமல் போவது வெகு சாதாரணம். அதனால் ஆய்தா வீட்டுப் பொட்டலத்தில் ஊர், மாதம், பக்கத்தில் வேறு வாழை இல்லை என்ற குறிப்பு மூன்றையும் எழுதினேன். ஆய்தாவின் பெயரையும் எழுதிக்கொண்டேன், என் கணக்குக்காக.

திருச்சிக்குத் திரும்பியபோது மார்கழி. நம் சமவெளியில் இதைவிட நல்ல மாதம் இல்லை. இரவு 20 பாகைக்கு இறங்கும், பகல் 30 தொடும், வெயில் படும் மொட்டைமாடித் தளத்தில் இன்னும் கூடும். சித்திரையில் பகல் வெப்பம் கிடைக்கும், ஆனால் இரவும் சுட்டுக்கொண்டே இருக்கும். விதைக்கு வேண்டியது அந்த வேறுபாடு. விதைகளை இரண்டு நாள் நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி வைத்தேன். மிதந்தவற்றையும் எறியவில்லை. மிதப்பது எல்லாம் பொக்கு அல்ல. மணலும் தேங்காய் நார்க்கழிவும் சரிபாதி. அரை விரற்கடை ஆழம். தட்டை மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி, வெறும் தளத்தின்மேல் வைத்து, மேலே கண்ணாடித்தகடு ஒன்று. மதியத்தில் தட்டின் மண் 35ஐத் தாண்டும், விடியலில் தளம் குளிர்ந்து சில்லிட்டிருக்கும். சேஸா சரிவின் மண் செய்த வேலையை மாடியின் சிமெண்டுத் தளம் செய்தது. ஈரம் காயாமல், நீரும் தேங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அன்றாட வேலை. எலிக்காகக் கம்பிவலை.

முதல் குருத்து பொங்கலுக்குப் பிறகு வந்தது. ஊசி தடிமனில், உருண்டு சுருண்டு, வெளிர்பச்சையாக. விரியும்போது புல்லிலை என்றுதான் யாரும் நினைப்பார்கள். களையெடுக்க வந்த பெண் அதைப் பிடுங்கப்போனார், தடுத்தேன். “இதுவா வாழை?” என்று நம்பாமல் குனிந்து பார்த்தார். இரண்டாவது, மூன்றாவது இலையில்தான் வாழையின் சாயல் தெரியும். அதுவரை கறுப்பு விதை அடியில் ஒட்டிக்கொண்டே இருக்கும். விதையிலை வெளியே வராமல் உள்ளேயே தங்கி, மாவை உறிஞ்சிக் குருத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் விதையைப் பிய்த்தால் கன்று வாடிவிடும். தனித் தொட்டிக்கு மாற்றும்போது விதையோடே சேர்த்துத் தூக்கி வைக்க வேண்டும்.

அதன்பிறகு வாரத்துக்குச் சில என்று வந்துகொண்டே இருந்தன. மாசியில் அதிகம். பங்குனியில் இரவுகள் சூடேறியதும் நின்றன. தட்டை நான் கலைக்கவில்லை. மிச்சமிருப்பவை ஐப்பசி மழைக்குப் பின் இரவு குளிரும்போது வரும். ஒரே மழைக்கோ ஒரே வெயிலுக்கோ எல்லா விதையும் ஒன்றாக எழுந்துவிட்டால், அந்த ஆண்டு மறுபடி மண் சரிந்தால் வம்சமே போய்விடும். சில விதைகள் பின்தங்கி நிற்பதில்தான் காட்டு வாழைக்கு உயிர்காப்பு. வளர்ப்பவர்கள் இதைக் குறையாக எண்ணித் தட்டைக் கொட்டிவிடுவதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

முதல் தொகுதிக் கன்றுகளில் இலையின் அடிச்சிவப்பு ஒன்றுக்கொன்று கூடியும் குறைந்தும் இருக்கிறது. பக்கக்கன்றில் வளர்த்தால் எல்லாம் தாயின் அச்சாக இருக்கும். விதையில் ஒவ்வொன்றும் தனி. பனாமா வாடல் போன்ற ஒரு நோய் வந்தால், ஒரே அச்சான தோட்டம் ஒன்றாகவே சாயும். காட்டில் அப்படி நடப்பதில்லை, எங்காவது ஒன்று தாங்கி நிற்கும். வாழைக்குப் புதிய எதிர்ப்புத்திறனைத் தேடும் ஆராய்ச்சியாளர்கள் காட்டு விதைகளிடம் போவது இதனால்தான். அவர்களும் பல சமயம் விதை முளைக்கக் காத்திராமல், ஓட்டைப் பிளந்து கருவை மட்டும் எடுத்துக் குடுவையில் வளர்க்கிறார்கள்.

அடுத்துப் போக வேண்டிய இடம் நம் மலைதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைச் சரிவுகளில் என்செட்டே சூப்பர்பம் என்ற காட்டு வாழை இருக்கிறது, மலைமக்கள் கல்வாழை என்பார்கள். ராக்ஸ்பர்க் என்ற தாவரவியலாளர் இதற்கு மூசா சூப்பர்பா என்று பெயர் வைத்தார், பிறகு என்செட்டே பேரினத்துக்கு மாறியது. பருத்த அடித்தண்டு. கோடையில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, அந்த அடித்தண்டை மட்டும் வைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். பக்கக்கன்றே விடாது. சில ஆண்டுகள் வளர்ந்து ஒரே ஒருமுறை பூத்து, குலை தள்ளி, விதை முற்றியதும் மடிந்துவிடும். அந்தக் குலையின் விதைகள்தான் அதன் எதிர்காலம் முழுவதும். சிறுநீரகக் கல்லுக்கு நாட்டு மருந்து என்று அந்த விதைகளையே குலையோடு அறுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு சரிவில் தொடர்ந்து சில ஆண்டுகள் இப்படி நடந்தால் அந்தச் சரிவில் அதன்பிறகு கல்வாழை இருக்காது.

தங்கள் தோட்டத்தில் கல்வாழை வைத்திருப்பவர்கள் மலையோர ஊர்களில் உண்டு. அது குலை தள்ளும் ஆண்டில் விதையில் பாதியை மரத்தடியிலேயே விட்டுவிட்டு, மீதியில் கொஞ்சம் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். விதை சுண்டைக்காய் அளவு இருக்கும், ஓடு இன்னும் தடிமன். அதற்கும் அதே தளம், அதே கண்ணாடித்தகடு, அதே மார்கழி இரவுகள். முளைக்கும் கன்றுகளில் பாதி விதை தந்த தோட்டத்துக்கே திரும்பிப் போகும், மழைக்கு முன்பாக, பாறைச் சரிவில் ஊன்றுவதற்கு.